கண்ணாடிப் பெட்டிக்குள்ள காத்து எப்படிடே போகும்?

என்னடே மக்கா, கம்ப்யூட்டருக்குப் புதுக் கேபினெட்டு வாங்கப் போறியாமே. கொள்ளாம். போனுல படத்தையும் காட்டினே, பாத்தேன். முன்னால கண்ணாடி, சைடுல கண்ணாடி, மேலயும் கண்ணாடி. உள்ள ஒம்பது ஃபேன். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர்ல மினுங்குது. மீனைத்தான் காணோம். அதைக் கடைக்காரனே தருவானா, இல்ல நீ தனியா வாங்கணுமா?

கோவப்படாதே. நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லுகவன் இல்ல. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துல மோட்டார் வைண்டிங் பாத்தே ஆயுசைக் கழிச்சவனாக்கும். மிக்ஸி, பம்பு, சீலிங் ஃபேன், எது வந்தாலும் கருகின காயிலை மோந்து பாத்தே சொல்லிருவேன். இது வோல்டேஜ் ஏறிப் போனது, இது காத்து இல்லாம வெந்து போனதுன்னு. ரெண்டாவது ரகம்தான் அதிகம் வரும். பம்புல மழை விழக் கூடாதுன்னு சாக்கைப் போட்டு நாலா பக்கமும் மூடிக் கட்டியிருப்பான் மகராசன். மழை விழல. சவம், உள்ளயே கெடந்து வெந்து போச்சு. சூடு வெளிய போக வழி இல்லேன்னா எந்தச் சாமானும் நிலைக்காது. கம்ப்யூட்டருக்கு மட்டும் வேற சட்டமா எழுதி வச்சிருக்கு?

முதல்ல ஒரு கணக்குப் பாப்போம். பயப்படாதே, கூட்டல் கணக்குதான்.

நீ வாய் ஓயாம சொல்லுகியே, அந்த ஆர்.டி.எக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு, அது 450 வாட் எடுக்கும். அதுக்குப் பெறகு வந்த 5090-க்கு 575 வாட். இண்டெல் ஐ9 14900கே பிராசஸர் முழு மூச்சுல ஓடினா 253 வாட். சுவத்துல இருந்து எடுக்கிற இந்தக் கரண்டு எங்கடே போகும்? படமா மாறி திரையில தங்கிருமா? இல்ல மக்கா. எடுத்தது அம்புட்டும் கடைசில சூடாத்தான் வெளிய வரும். கையைக் கட்டிச் சும்மா இருக்கிற ஒரு மனுசன் உடம்புல இருந்து ஏறக்குறைய 100 வாட் வெக்கை வரும்னு கணக்கு. ஒன் பெட்டி கேம் ஓடுகப்ப 500 வாட் எடுத்தா, மீன மாசத்து மத்தியானத்துல அஞ்சு விருந்தாளியை அறைக்குள்ள கூட்டி வச்ச மாதிரியாக்கும். அதுவும் சொல்லாம வந்தவனுவ. சாப்பிட்டும் போக மாட்டானுவ.

இன்னொண்ணையும் கேட்டுக்கோ. ஃபேனுங்கிறது ஏசி இல்ல. அறையில 33 டிகிரி இருந்தா பெட்டிக்குள்ள போற காத்தும் 33 டிகிரிதான். ஒம்பது ஃபேன் வச்சாலும் சரி, ஒம்பதாயிரம் வச்சாலும் சரி, அதுக்குக் கீழ ஒரு டிகிரி இறங்காது. உள்ள சுட்ட காத்தை வெளிய தள்ளி, வெளிக்காத்தை உள்ள கொண்டு வரும். பெட்டியோட வேலை அம்புட்டுதான். 'வாட்டர் கூலிங் வச்சா சூடே இருக்காது தாத்தா'ன்னு அன்னைக்கு ஒன் கூட்டாளி சொன்னான். தண்ணி சூட்டைத் தின்னுருமாடே? பிராசஸர்ல இருந்து எடுத்து ரேடியேட்டர்ல கொண்டு விடும். அந்த ரேடியேட்டர் ஆறணும்னா அதுக்கும் காத்துதான் வேணும். சுத்திச் சுத்தி வந்தாலும் சோலி காத்துக்கிட்டதான் முடியும்.

சூடு கூடினா பெட்டி வெடிச்சிரும்னு நினைக்காதே. இப்ப உள்ள பிராசஸருக்கு விவரம் உண்டு. ரைசன் 7000 வரிசை 95 டிகிரியைத் தொட்டதும், ஒன் இண்டெலு 100 டிகிரியைத் தொட்டதும், தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதிவேகம்னு காசைக் கொட்டி வாங்கியிருப்பே. அது பைய நடக்கும். நீ காரணம் தெரியாம இன்டர்நெட்டுக்காரனைத் திட்டிக்கிட்டு இருப்பே.

செரி, அந்தக் கண்ணாடி விசயத்துக்கு வாரேன்.

கோர்சேர்னு ஒரு கம்பெனி. 2020-ல 4000டின்னு ஒரு பெட்டி இறக்கினான். எலும்புக்கூடு ஒண்ணு, மூஞ்சி மூணு. ஒண்ணுக்கு முன்னால மூடின தகடு. ஒண்ணுக்குக் கண்ணாடி, அது 4000எக்ஸ். இன்னொண்ணுக்கு முகம் பூரா ஓட்டை போட்ட தகடு. அதுக்கு மட்டும் 'ஏர்ஃப்ளோ'ன்னு கூட ஒரு பேரு. ஏன்டே, மூணுல ஒண்ணுக்கு மட்டும் காத்தோட்டம்னு பேரு வச்சா, மத்த ரெண்டுக்கும் என்ன அர்த்தம்? செய்தவனே சொல்லிட்டான்லா. வாங்குகவனுக்குத்தான் காது கேக்க மாட்டேங்கு.

என்.இசட்.எக்ஸ்.டி-ன்னு இன்னொருத்தன். எச்510-ன்னு மொழுமொழுன்னு மூடின முகத்தோட ஒரு பெட்டி வித்தான். அழகுன்னு ஊரே வாங்கிச்சு. பெறகு அதே பெட்டி முகத்துல சல்லடை வச்சு, பேருக்குப் பின்னால 'ஃப்ளோ'ன்னு ஒரு வாலையும் ஒட்டித் திரும்ப வித்தான். முதல்ல ஓட்டையை அடைச்சதுக்குக் காசு, அப்புறம் திறந்ததுக்குக் காசு. யாவாரம்னா அது. சாலையில உள்ளவனுவ தோத்தானுவ.

கண்ணாடி முகம் உள்ள பெட்டியைச் சைடுல இருந்து பாத்திருக்கியா? கண்ணாடிக்கும் பெட்டிக்கும் நடுவுல விரல் போற அளவுக்கு ஒரு சந்து இருக்கும். முன்னால நிக்கிற மூணு ஃபேனும் அந்தச் சந்து வழியாத்தான் காத்தை இழுக்கணும். ஃபேன் சுத்தும், சத்தம் வரும், லைட்டு எரியும். காத்து வராது. சைடுல ஒரு கண்ணாடி இருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாக்க ஆசை, பாத்துட்டுப் போ. சைடு வழியா காத்து போறது வழக்கமும் இல்ல. முன்னால மட்டும் வைக்காதே.

நம்ம திருவனந்தபுரத்துக்காரனுக்குக் காத்தோட்டத்தை யாரும் புதுசா சொல்லித் தர வேண்டாம்டே. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கினா இந்தியன் காப்பி ஹவுஸ் தெரியும்லா? செவப்புச் செங்கல்ல உருண்டையா, சுத்திச் சுத்தி மேல ஏறுமே, அதேதான். லாரி பேக்கர் கட்டினது. இங்கிலாந்துல பொறந்தவரு, 1917-ல. இங்க நாலாஞ்சிறையில குடியிருந்து 2007-ல கண்ணை மூடினாரு. அந்தச் சுவத்தை நீ என்னைக்காவது உத்துப் பாத்திருக்கியா? தோசை வருகது வரைக்கும் போனைத்தான் பாத்திருப்பே. அடுத்த தடவை போறப்ப சுவத்தைப் பாரு. செங்கலை ஒண்ணு விட்டு ஒண்ணு அடுக்கி, இடையில ஓட்டை விட்டிருப்பாரு. ஒரு ஓட்டைக்குள்ள கையை வச்சுப் பாரு, காத்து விரல்ல தட்டும். வெயிலு கண்ணுல குத்தாது, காத்து மட்டும் வரும். சன்னல் கம்பி இல்ல, கண்ணாடி இல்ல. செங்கலும் மிச்சம். உள்ள அத்தனை பேரு தின்னுக்கிட்டு இருப்பான், அடுக்களைச் சூடு வேற. ஆனாலும் புழுக்கம் கழுத்தைப் பிடிக்காது.

அவரு கம்ப்யூட்டருக்கும் வீடு கட்டியிருக்காருடே. பிரசாந்த் நகர்ல சென்டர் ஃபார் டெவலப்மெண்ட் ஸ்டடீஸ் இருக்குல்லா, அந்த வளாகமும் அவரு கட்டினதுதான். அதுல கம்ப்யூட்டர் சென்டர்னு ஒரு கட்டடம். மெஷினை வச்சிருக்கிற அறை மூடித்தான் இருக்கணும்னு அந்தக் காலத்துச் சட்டம். மத்தவனா இருந்தா கண்ணாடியைப் போட்டு அடைச்சு, பத்து ஏசியை மாட்டிட்டுப் போயிருப்பான். இவரு ரெண்டு சுவர் வச்சாரு. உள்ள மெஷினுக்கு மூடின சுவர். வெளிய வளைஞ்சு வளைஞ்சு ஓட்டை விட்ட செங்கல் சுவர். நடுவுல உள்ள எடத்துல ஆபீசு, சாமான் வைக்கிற எடம். வெயிலு வெளிச் சுவத்துலயே நின்னு போகும். கேபினெட்டு வாங்கப் போறவன் கடைக்குப் போறதுக்கு முன்னால அங்க ஒரு எட்டுப் போய்ப் பாக்கலாம்.

அதுக்கும் முன்னால போவோமா? கன்னியாகுமரி ஜில்லாவுல தக்கலைக்குப் பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்குத் தலைநகரம் அதுதான். அங்க மந்திரசாலையில போய் நின்னு பாரு. மரச் சட்டத்தைச் சாய்ச்சுச் சாய்ச்சு அடிச்சிருப்பான். காத்து உள்ள வரும், வெயிலு வெளியவே நிக்கும். ராசா ஆலோசனை பண்ணுகப்ப வேர்க்கக் கூடாதுன்னு தச்சனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவனுக்கு ஆர்.ஜி.பி லைட்டு தெரியாது, பாவம்.

இப்ப நீ இருக்கிற ஃபிளாட்டைப் பாரு. முற்றம் கிடையாது. ஓட்டுக்கு அடியில தட்டு அடிச்சு சூட்டைத் தடுத்த காலம் போய், கான்கிரீட்டுக்குக் கீழ அழகுக்கு ஃபால்ஸ் சீலிங். பெரிய பெரிய கண்ணாடிச் சன்னல், அதை மறைக்கப் பெரிய பெரிய திரைச்சீலை. அதுக்குள்ள ஏசி. அதுக்குக் கே.எஸ்.இ.பி கரண்டு பில்லு வேற. அதே புத்தியைப் பெட்டிக்குள்ளயும் கொண்டு போறே. அதாக்கும் என் கவலை.

காத்துக்கு வேண்டியது ஒரு வழி மக்கா. உள்ள வர ஒண்ணு, வெளிய போக ஒண்ணு, நடுவுல மறிக்க ஆள் இல்லாம ஒரு பாதை. நம்ம பத்மநாபசாமி ஆராட்டுக்குச் சங்குமுகம் கடலுக்குப் போறப்ப, வருசத்துக்கு ரெண்டு தடவை விமானத்தையே நிறுத்தி வச்சு ரன்வே வழியா விடுகான் இந்த ஊருல. பங்குனிக்கு ஒண்ணு, ஐப்பசிக்கு ஒண்ணு. அப்படிப்பட்ட ஊருல பொறந்துட்டு, ஒரு முழப் பெட்டிக்குள்ள காத்து போக வழி விட ஒனக்கு மனசு இல்லையா?

பாதை எப்படின்னு சொல்லுகேன். முன்னால இருந்து உள்ள. பின்னால, மேல வழியா வெளிய. முன்னால ரெண்டு ஃபேன், பின்னால ஒண்ணு. சாதாரண மெஷினுக்கு இது தாராளம். மேல ஒண்ணு வைக்கணும்னு கை அரிச்சா, பின்பக்கம் ஒதுங்கி வை. மேல முன்பக்கத்துல வெளிய தள்ளுகதுக்கு ஒண்ணை வச்சேன்னா, முன்னால வழியா வந்த புதுக் காத்தைப் பிராசஸர் கிட்டப் போகுமுன்னாலயே பிடிச்சு வெளிய தள்ளிரும். வந்த விருந்தாளியை வாசல்லயே திருப்பி அனுப்புகதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு நீ சம்பளமும் கொடுக்கே.

'சூடு மேல போகும் தாத்தா'ன்னு பாடம் எடுப்பே. போகும்டே, ஃபேன் இல்லாத எடத்துல. சில்வர்ஸ்டோன்காரன் ரேவன்னு ஒரு பெட்டியில மதர்போர்டையே திருப்பி நிறுத்தி, கீழ இருந்து மேல காத்து போற மாதிரி செய்தான். நல்லாவும் ஓடிச்சு. ஆனா அது கீழ வச்ச பெரிய ஃபேனோட கைங்கரியம். ஃபேன் சுத்துகப்ப, சூடு தானா மேல ஏறுகது கணக்குல சேராத சில்லறை. ஃபேன் தள்ளுன பக்கம் காத்து போகும். அம்புட்டுதான் இயற்பியல்.

அது எந்தப் பக்கம் தள்ளும்னு தெரியுமா? மாட்டிக்கிட்டியா! நிறைய பேருக்குத் தெரியாது. ஃபேனை எடுத்துப் பாரு. ஒரு பக்கம் இலை மட்டும் திறந்து கெடக்கும். மறுபக்கம் நடுவுல மோட்டாரைத் தாங்க நாலு கை குறுக்க இருக்கும். திறந்த பக்கம் இழுக்கும், கை இருக்கிற பக்கம் தள்ளும். சந்தேகம்னா ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி முன் சல்லடைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடி. புகை உள்ள போகணும். பின்னால போய்ப் பிடி. புகை ஓடணும். முன்னாலயும் ஓடிச்சுன்னா ஒன் ஃபேனு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குன்னு அர்த்தம். ஒரு ரூபாய்ப் பத்தி சொல்லுகதை அஞ்சு சாஃப்ட்வேர் சொல்லாது.

உள்ள வாரது கொஞ்சம் கூடவும், வெளிய போறது கொஞ்சம் குறைச்சலாவும் இருக்கட்டும். அப்ப பெட்டிக்குள்ள காத்து கொஞ்சம் விம்மி நிக்கும். சந்து பொந்து வழியா வெளியதான் பிதுங்கும், உள்ள வராது. வாரது எல்லாம் முன்னால உள்ள ஃபில்டர் வழியா வரும். தலைகீழா, வெளிய தள்ளுகதைக் கூட்டி வச்சேன்னா, ஸ்க்ரூ ஓட்டை வழியாக்கூட தூசியை இழுத்து உள்ள அடைக்கும். சூடு கொஞ்சம் குறையும், தூசி நிறையும். நம்ம ஊருக்கு அது ஆகாது.

ஃபேன் எண்ணிக்கையில மயங்காதே. வட்டம் பெருசா இருந்தா பைய சுத்தினாலே போதும், சத்தமும் வராது. ஃப்ராக்டல் டிசைன்காரன் 2021-ல டோரன்ட்னு ஒண்ணு இறக்கினான். முன்னால வெறும் ரெண்டே ஃபேன். ஆனா ஒவ்வொண்ணும் 180 மில்லிமீட்டர். லியன் லி லான்கூல் 216-லயும் முன்னால ரெண்டுதான், 160 மில்லிமீட்டர். சாதாரணப் பெட்டியில 120 இருக்கும். நாக்டுவான்னு ஆஸ்திரியாக்காரன் ஒருத்தன் பழுப்பும் சந்தனமுமா ஒரு கலர்ல ஃபேன் செய்யுகான். பாத்தா பொண்ணு பாக்க வந்தவன் எழுந்து போயிருவான். காத்து அடிக்கும்பாரு! எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிச்சிருக்கு. அழகுக்கு ஒரு பைசா செலவழிக்கல.

பெரிய பெரிய கம்பெனிக்காரனுக்கே இது லேசுல புரியல கேட்டியா. 1980-ல ஆப்பிள் கம்பெனி ஆப்பிள் த்ரீன்னு ஒரு மெஷின் விட்டான். ஃபேன் சத்தம் கேக்கப்படாதுன்னு ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிவாதம். ஃபேனே வைக்கல. சூட்டுல சிப்பு எல்லாம் சாக்கெட்டுல இருந்து இளகி மேல வந்துச்சாம். மெஷினை ரெண்டு மூணு அங்குலம் தூக்கிக் கீழ போடு, சிப்பு திரும்ப உக்காந்திரும்னு வாங்கினவனுக்கு உபதேசம் சொன்னதா இன்னைக்கும் கதை உண்டு. நம்ம தெருவுல பழைய ரேடியோவை ஓங்கித் தட்டுவோம்லா, அதே வைத்தியம் அமெரிக்காவுலயும்.

இண்டெல் கதை வேற மாதிரி. நீ வாங்குகப்ப ஏ.டி.எக்ஸ், ஏ.டி.எக்ஸ்னு சொல்லுகியே, அது அவன் 1995-ல போட்ட அளவு. மதர்போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர். இன்னைக்கும் அதுதான் ஓடுது. நடுவுல 2004 வாக்குல பென்டியம் ஃபோர் பிரெஸ்காட்டு அடுப்பா எரிஞ்சதும், பி.டி.எக்ஸ்னு புது ஏற்பாடு கொண்டு வந்தான். பிராசஸரை முன்னால தள்ளி, காத்து நேரா அது மேல அடிச்சுப் பின்னால போற மாதிரி. நல்ல யோசனைதான். 2006-ல கோர் 2 டுவோ வந்துச்சு, 65 வாட்டு. சூடு குறைஞ்சதும் பி.டி.எக்ஸை அவனே கைகழுவிட்டான். இதுல ஒனக்கு ஒரு சமாச்சாரம் இருக்கு. பெட்டியை மாத்துகதை விட, எரியுகதைக் குறைக்கிறது சில நேரம் லாபம். எக்ஸெல்லும் யூட்யூபும் பாக்கிறவனுக்கு 575 வாட் கார்டு என்னத்துக்குடே?

இனி நாம குடியிருக்கிற ஸ்ரீவராகத்துக்கு வா. அமெரிக்காக்காரன் எழுதுகதைப் படிச்சுட்டு இங்க பெட்டி வாங்கப்படாது. அவன் ஊருல உள்ள காத்து வேற. இங்க சங்குமுகம் கடல் கூப்பிடு தூரம். காத்துல உப்பு இருக்கு. கோயில் குளத்துப் பக்கம் ஈரம் வேற. மட்டமான தகட்டுல செய்த பெட்டின்னா, ரெண்டு மழைக்காலம் போனதும் ஸ்க்ரூ தலையில செங்காவி பூத்திரும். வாங்குகப்ப பெயிண்டு உள்பக்கமும் ஓடியிருக்கான்னு விரலை விட்டுத் தடவிப் பாரு.

தூசியும் இங்க வெறும் தூசி இல்ல. சாயங்காலம் கொசுவத்தி. காலையில சாமி படத்துக்கு ஊதுபத்தி, சாம்பிராணி. அடுக்களையில தேங்கெண்ணெய்ப் புகை. எல்லாம் சேர்ந்து பிசுபிசுன்னு ஒட்டும். ஒரு பழைய பெட்டியைத் திறந்து பாத்தேன். ஃபேன் இலை விளிம்புல சாம்பல் கலர்ல கம்பளி மாதிரி ஒரு கரை. பிராசஸர் மேல உள்ள அலுமினியத் தகடுக்கு இடையில வெளிச்சமே தெரியல. கரண்டு கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ் மூலையில பல்லி ரெண்டு முட்டை விட்டிருக்கு. ஸ்லாட்டு மூடி இல்லாத ஓட்டை வழியா எறும்பு வரிசை. அதுக்குச் சொந்தக்காரன் 'விண்டோஸ் அப்டேட் ஆனதுல இருந்து ஸ்லோ'ங்கான். அந்தப் பல்லிக்குத்தான் அப்டேட் ஆகியிருக்கு.

ஆற்றுகால் பொங்கலை அன்னைக்கு மெஷினை நிறுத்தி, பிளக்கை உருவி, ஒரு துணியைப் போட்டு மூடிரு. கும்ப மாசத்துல அந்த ஒரு நாள் மட்டும்தான் நான் மூடச் சொல்லுவேன். மணக்காட்டுல இருந்து நம்ம தெரு வரைக்கும் பொம்பளையாளுவ பொங்கல் வைக்கிற மூணு செங்கல் அடுப்புப் புகைதான். அந்த அடுப்பைப் பாத்திருக்கியா? செங்கலை ஒட்டி வைக்க மாட்டாளுவ. இடையில சந்து விட்டுத்தான் வைப்பாளுவ. அங்க காத்து தீயை எரிய விடுது, இங்க சூட்டை ஆத்துது. ரெண்டுக்கும் வழி விடணும். கொல்லத்துல இருந்து பஸ் ஏறி வந்து ரோட்டுல குந்தியிருக்கிற கிழவிக்குத் தெரிஞ்சது, கழக்கூட்டத்துல டெக்னோபார்க்குல சம்பளம் வாங்குகவனுக்குத் தெரியலேன்னா நான் யாருகிட்டச் சொல்லி அழ?

மறுநாள் ஃபில்டரைக் கழத்தித் தண்ணியில கழுவி, நல்லா உலர்த்தி மாட்டு. அதனால ஃபில்டர் கையால கழத்துகதுக்குத் தோதா இருக்கான்னு கடையிலயே பாத்துரு. முன்னால உள்ளது இழுத்தா வரணும். அடியில எஸ்.எம்.பி.எஸ்-க்கு உள்ளது பின்பக்கமா உருவி எடுக்கணும். நாலு ஸ்க்ரூ கழத்தணும்னா நீ கழுவ மாட்டே. ஒன்னை எனக்குத் தெரியும்.

எங்க வைக்கப் போறே? அதைச் சொல்லு. கம்ப்யூட்டர் மேசைன்னு ஒண்ணு செய்து வச்சிருக்கியே, மூணு பக்கமும் பலகை அடிச்சு, முன்னால கதவும் வச்சு. பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியை அதுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தினா, வெளிய விட்ட சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக் குடிக்கும். கதவைக் கழத்து. பின் பலகையை அறு. பின்னால சுவத்துக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் எடம் விடு. தரையில வைக்காதே. தூத்துகப்ப கிளம்புகது எல்லாம் அடி ஃபேன் வழியா உள்ள போகும். மெத்தை விரிப்பு மேல வச்சா எஸ்.எம்.பி.எஸ்-க்கு மூச்சே கிடையாது. ஒரு பலகை போட்டு நாலு விரக்கட உயரத்துல வை. மேற்குச் சன்னலுக்கு நேர வேண்டாம். துலாவர்ஷத்துல இடி முழங்கினா பிளக்கை உருவு. அது காத்தோட்டக் கணக்கு இல்லதான். ஆனா இந்த ஊருல அதைச் சொல்லாம விட்டா பாவம்.

கடையில என்ன பாக்கணும்னு கேக்கியா? லைட்டை அணைக்கச் சொல்லு. அது முதல் காரியம். அப்புறம் முன் சல்லடைக்குப் பின்னால கையை வச்சு ஆட்டு. விரல் தெரியணும். தெரியலேன்னா ஓட்டை சின்னது, இல்லேன்னா அதுக்குப் பின்னால கட்டியா வேற என்னமோ வச்சிருக்கான். மதர்போர்டுக்குப் பின்பக்கம் வயரை ஒதுக்க எடம் இருக்கான்னு பாரு. முன்னால வயர் தொங்கினா காத்துக்கு இடைஞ்சல், அதைவிட அசிங்கம். ஒன் கார்டோட நீளத்தை எழுதிக் கொண்டு போ. 4090 இறக்கின கம்பெனியோட சொந்தக் கார்டே 304 மில்லிமீட்டர். மத்தவன் செய்யுகது பெரும்பாலும் அதைவிட நீளம் இருக்கும். கூலர் உயரமும் பாரு. நாக்டுவா டி15-ன்னா 165 மில்லிமீட்டர். பெட்டி அகலம் பத்தாம சைடு மூடி பூட்டாம, ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கிறவனை நான் கண்டிருக்கேன். நாலாயிரம் ரூபாய்க்கே சல்லடை முகமும் ஃபேனுமா நல்ல பெட்டி கிட்டும். இருவதாயிரத்துக்கு உள்ளதைக் காட்டுவான். காட்டட்டும். பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, நாலாயிரத்து பெட்டியை எடு. மிச்சக் காசுல ஒரு மாசம் வாய்க்கு ருசியா தின்னு.

இன்னொண்ணு சொல்ல விட்டுப் போச்சு. இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். பழைய பெட்டியோட சைடு மூடியைக் கழத்திட்டு, அதே கேமை அரை மணி நேரம் ஓட்டு. எத்தனை டிகிரின்னு எழுது. மூடியைப் பூட்டி, அதே அறையில, அதே நேரத்துல திரும்ப ஓட்டு. அதையும் எழுது. பத்துப் பதினைஞ்சு டிகிரி வித்தியாசம்னா குத்தம் பெட்டி மேல. போ, தாராளமா புதுசு வாங்கு. ரெண்டு மூணு டிகிரிதான்னா பெட்டியில ஒண்ணும் இல்ல. தூசியைத் தட்டு, காஞ்சு போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சுப் புதுசா வை. அதுக்கு முந்நூறு ரூபாய் ஆகும். மூடியைத் திறந்து போட்டே ஓட்டலாமேன்னு நினைக்காதே. பல்லியும் குஞ்சுகுளுவானும் உள்ள ஒரு வீட்டுல அது நடக்காது.

அந்த ரெண்டு நம்பரையும் ஒரு துண்டுத் தாளுல எழுதி எங்கிட்டக் கொண்டு வா. பெறகு சேர்ந்து கடைக்குப் போவோம். கண்ணாடி வேணும்னு அங்க வச்சு அடம் பிடிச்சேன்னா, நான் காப்பி ஹவுஸுக்குப் போயிருவேன். பில்லு ஒன் கணக்கு.